முள்கரண்டி அல்ல, இசைக்கவை: ஓர் ஒலிப் பெட்டியோடு ஆறு வாரங்கள்

ஒலி அறிவியல் செயல்பாட்டுப் பெட்டியைப் பிரித்த அன்று, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கையேட்டை மடியில் விரித்துக்கொண்டு பொருள்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டான். "டீச்சர், இசை முள்கரண்டி 2 என்று போட்டிருக்கிறது. பெட்டியில் முள்கரண்டியே இல்லையே?" என்றான். அவன் முழங்காலுக்கு அருகிலேயே இரண்டு இசைக்கவைகள் கிடந்தன. தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும், இரண்டு புயங்கள் கொண்ட கவை அது; ஆங்கிலத்தில் 'டியூனிங் ஃபோர்க்'. அந்த ஃபோர்க்கைத்தான் கையேடு முள்கரண்டி ஆக்கியிருந்தது. பாடப்புத்தகத்தில் இசைக்கவை என்று படித்தவன்தான், படமும் பார்த்தவன்தான். கையேடு வேறு பெயர் சொன்னதால், கண்ணெதிரே கிடந்த பொருள் அவனுக்குத் தெரியாமல் போனது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. ஆனாலும் இந்தப் பெட்டியை வாங்கியதற்காக நான் வருந்தவில்லை. இரண்டையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கும்பகோணத்துக்குக் கிழக்கே, ஆடுதுறைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பணியில் சேர்ந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. எட்டாம் வகுப்பில் இவ்வாண்டு 27 பிள்ளைகள். ஒளியியல் நடத்தும்போது கண்ணாடியும் லென்சும் இருக்கின்றன. மின்னியலுக்கு பேட்டரியும் பல்பும் உண்டு. காந்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பிள்ளைகளே பழைய ஸ்பீக்கரை உடைத்துக் கொண்டுவந்துவிடுவார்கள். ஒலியியல் வந்தால் மட்டும் கரும்பலகையில் ஏறி இறங்கும் ஒரு கோட்டை வரைந்து, இதுதான் ஒலி அலை என்று சொல்லி வந்தேன். அந்தக் கோட்டைப் பார்க்கிற பிள்ளை, ஒலி பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து காற்றில் போகிறது என்றே மனத்தில் பதித்துக்கொள்கிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் போய், ஒலி போகிற திசையிலேயே காற்று முன்னும் பின்னும் அசையும் நெட்டலை என்று படித்தாலும் அந்தப் பாம்பு போவதில்லை. பழைய மாணவர்களிடம் பேசிப் பார்த்தே இதைத் தெரிந்துகொண்டேன்.

அதனால்தான் இந்த ஆண்டு ஒலி அறிவியல் செயல்பாட்டுப் பெட்டி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். விலை 3,250 ரூபாய், கூரியர் 180. பாதியைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்டு வாங்கினேன், மீதி என் கைப்பணம். விற்றவர் பெயரை இங்கே எழுதவில்லை. ஏறக்குறைய இதே பொருள்கள் நான்கைந்து பெயர்களில், வெவ்வேறு நிற அட்டைப் பெட்டிகளில் விற்கின்றன. உங்கள் கைக்கு எந்தப் பெயரில் வந்தாலும், உள்ளே என்ன இருக்கிறது, அதில் எது உழைக்கிறது என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

முதலில் சுருள்வில்லைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டியில் தலைசிறந்த பொருள் அதுதான். உள்ளங்கையில் அடங்கும் இரும்புச் சுருள்; இழுத்தால் வகுப்பறையின் நீளத்துக்கு வருகிறது. பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, தரையில் நான்கு மீட்டருக்கு நீட்டினோம். ஆளுக்கொரு முனையாக இரண்டு பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் முனையை முன்னால் ஒரு தள்ளு தள்ளி நிறுத்தினாள். வளையங்கள் நெருங்கிய ஓர் இடம் தரையோடு தரையாக ஓடி, மறுமுனையில் இருந்தவன் கையில் இடித்தது. அவன் கையை உதறினான். அந்த உதறல்தான் பாடம். நெருக்கமும் நெகிழ்வும் என்று நான் எத்தனை ஆண்டு எழுதிப் போட்டிருப்பேன்! ஒரு வளையத்தில் சிவப்பு ரிப்பனைக் கட்டச் சொல்லிக் கையேட்டில் ஒரு வரி இருக்கிறது. கையேட்டிலேயே அருமையான வரி அது. ரிப்பன் முன்னால் ஒரு விரற்கடை போகிறது, பின்னால் வருகிறது, பழைய இடத்திலேயே நிற்கிறது. அலை மட்டும் போய்விடுகிறது. "அப்படியானால் நீங்கள் பேசும்போது உங்கள் வாய்க்காற்று என் காதுக்கு வருவதில்லையா டீச்சர்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. 19 ஆண்டில் இந்தக் கேள்வியை ஒரு பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை.

ஓர் எச்சரிக்கை. சுருளை ஒரே பக்கமாக முறுக்கவோ, இரண்டு பேர் எதிரெதிராக இழுத்து விளையாடவோ விடாதீர்கள். ஒருமுறை சிக்கு விழுந்தால் பிரிக்க ஒரு மாலை நேரம் முழுக்கப் போய்விடும். எனக்குப் போனது.

அடுத்து இசைக்கவைகள். 256 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 256 அதிர்வு) ஒன்று, 512 ஹெர்ட்ஸ் ஒன்று, தட்டுவதற்கு ரப்பர் சுத்தி. சுத்தியின் பிடி இரண்டாம் நாளே கழன்றது. பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தில் தட்டினால் அதைவிட நன்றாகவே ஒலிக்கிறது. மேசை விளிம்பில் மட்டும் தட்ட விடக்கூடாது, கவையின் புயம் வளைந்துவிடும். தட்டிய கவையைத் தண்ணீர்த் தட்டில் தொட்டால் நீர் இரண்டு பக்கமும் சிதறுகிறது. நூலில் தொங்கும் தெர்மாகோல் உருண்டையைத் தொட்டால் அது உதைபட்டதுபோல் எகிறிப் போகிறது. பார்ப்பதற்கு அசையாமல் நிற்கிற இரும்பு, உருண்டையை எட்டித் தள்ளுவதைக் கண்டு முன்வரிசையில் இருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

பிறகு அதன் அடிக்காம்பை மேசைமேல் ஊன்றச் சொன்னேன். காதருகே வைத்தால் மட்டும் கேட்ட முனகல் வகுப்பு முழுக்கக் கேட்டது. அதன்பின் என்னால் பிள்ளைகளைப் பிடிக்க முடியவில்லை. சாப்பாட்டு டிபன் பாக்ஸ், பீரோ, ஜன்னல் கம்பி, கரும்பலகை, ஒருவன் தலை, இன்னொருவன் முழங்கை என்று ஊன்றாத இடமில்லை. பீரோவின் தகரத்தில் உரக்கக் கேட்டது, சுவரில் கேட்கவே இல்லை. எங்கே உரக்கக் கேட்கிறதோ அங்கே சீக்கிரம் அடங்கிவிடுகிறது என்பதை ஒருத்தி தானாகக் கண்டு சொன்னாள். கவையில் இருக்கிற ஆற்றல் கொஞ்சந்தான். பெரிய பரப்பை அதிரவைத்தால் விரைவில் தீர்ந்துபோகிறது. இதற்கு நான் ஒரு வார்த்தைகூடக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கவையைப் பல்லில் வைக்க மட்டும் விடாதீர்கள், யாராவது ஒருவன் நிச்சயம் முயல்வான்.

எங்கள் வகுப்பில் காது கேட்கும் கருவி அணிந்த மாணவி ஒருத்தி இருக்கிறாள். ஒலியியல் பாடம் அவளுக்கு எப்படி இருக்குமோ என்ற கலக்கம் எனக்கு ஒவ்வொரு நாளும் இருந்தது. கவை அவள் முறைக்கு வந்தபோது, அதைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பின்மேல் அடிக்காம்பு படும்படி மெல்ல வைத்தேன். கண்களை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, "இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே விரலால் பெஞ்சில் மெல்லத் தட்டினாள். நின்றதும் விரலை நிறுத்தினாள். காது மருத்துவர்கள் 512 ஹெர்ட்ஸ் கவையை இப்படித்தான் எலும்பில் வைத்தும், காதுக்கு வெளியே காற்றில் பிடித்தும் கேட்கச் செய்து சோதிக்கிறார்கள். காற்று வழியாகவும் எலும்பு வழியாகவும் ஒலி உட்காதுக்குப் போகும் என்று அன்று வகுப்புக்கு விளக்கினேன். எல்லோரும் அவளிடம்தான் போய், எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்த நாள், ஊதிய பலூனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவர் பேச்சை உள்ளங்கையில் வாங்கும் செயல்பாட்டுக்கும் அவளே தலைவி. பலூன் பெட்டியில் பன்னிரண்டு இருந்தன, நல்ல தடிமன், ஒன்றுதான் வெடித்தது.

இனிக் குறைகள். 512 என்று பொறித்த கவை 512 அல்ல. இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். ஜெர்மனியில் ஆகென் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி என் கைப்பேசியில் இருக்கிறது. வேண்டிய அதிர்வெண்ணில் ஒலி எழுப்பவும், வருகிற ஒலியின் அதிர்வெண்ணைப் பார்க்கவும் அதில் வசதி உண்டு. முதலில் 256 கவையைத் தட்டி, கைப்பேசியில் 260 வைத்தேன். இரண்டும் சேர்ந்து 'வோவ் வோவ்' என்று ஏறி இறங்கின. விம்மல் என்று மேல்வகுப்பில் படிக்கப்போகிற விஷயம். வினாடிக்கு நான்கு முறை என்று விரல்விட்டு எண்ணினார்கள். 260-இலிருந்து 256-ஐக் கழித்தால் நான்கு! அந்தக் கணக்கு ஒத்துவந்த மகிழ்ச்சியில், 512 கவைக்கு 512-ஐயே வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். விம்மல் இருக்கக்கூடாது. ஆனால் கரகரவென்று, எண்ண முடியாத வேகத்தில் அடித்தது. 505-க்கு இறக்கினோம், வேகம் குறைந்தது. 500-இல் வினாடிக்கு இரண்டு. 498-இல் விம்மல் முழுக்க நின்று ஒரே குரலாகிவிட்டது. "டீச்சர், இரும்பில் பொய்யாக எழுதியிருக்கிறார்கள்" என்றான் அந்த 'முள்கரண்டி' மாணவன்.

பெட்டியை நான் குறை சொல்கிறேன் என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு பிழையால் எங்களுக்குக் கிடைத்த மணிநேரம், சரியான கவை தந்திருக்கக்கூடியதைவிட மேலானது. இருந்தாலும் விற்பவர் இதைச் சாக்காகச் சொல்ல முடியாது. எண்ணைப் பொறித்து விற்றால் அந்த எண் மெய்யாக இருக்க வேண்டும். புகார் அனுப்பினேன். பதில் வந்தது, "கல்விப் பயன்பாட்டுக்கு இது போதும்" என்று. கல்விக்குப் போதாது என்பதால்தானே எழுதினேன்! மாற்றுக் கவை இன்றுவரை வரவில்லை.

அடுத்தது வெற்றிடக் குடுவை. ஒளிபுகும் பிளாஸ்டிக் குடுவை, மூடியில் கையால் இழுக்கும் காற்றுப் பம்பு, உள்ளே வைக்க பேட்டரியில் ஓடும் சிறு பஸ்ஸர். காற்றை வெளியேற்றினால் ஒலி குறைந்து மறைந்துவிடும் என்கிறது கையேடு. நாற்பது முறை இழுத்தும் ஒலி ஏறக்குறைய அப்படியே கேட்டது. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒலி பரவக் காற்று வேண்டும் என்று அப்போதுதான் சொல்லியிருந்தேன். வீட்டுக்குப் போய் யோசித்தபோது ராபர்ட் பாயில் நினைவுக்கு வந்தார். 1660-இல் அவர் இந்தச் சோதனையை வெளியிட்டபோது, கண்ணாடிக் கலத்துக்குள் கடிகாரத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். நூலில் கட்டியதில்தான் சூட்சுமம். எங்கள் பஸ்ஸர் குடுவையின் அடியில் உட்கார்ந்திருந்தது. அதிர்வு பிளாஸ்டிக் வழியாக இறங்கி, மேசை வழியாக எங்கள் காதுக்கு வந்துகொண்டிருந்தது. மறுநாள் தையல் நூலில் பஸ்ஸரைக் கட்டி மூடியின் உட்பக்கத்தில் தொங்கவிட்டு, குடுவைக்கு அடியில் மடித்த துண்டைப் போட்டோம். இப்போது இழுக்க இழுக்க ஒலி மங்கியது. அடியோடு மறையவில்லை, கைப்பம்பால் எல்லாக் காற்றையும் எடுத்துவிட முடியாது. ஆனால் வால்வைத் திறந்ததும், காற்று 'ஸ்ஸ்' என்று உள்ளே போக, ஒலி மீண்டும் பெருகி வந்ததை 27 பேரும் கேட்டார்கள். கையேட்டில் நூல் என்ற ஒரு சொல் இருந்திருந்தால் முதல் நாள் அவமானம் இருந்திருக்காது. மூன்றாம் நாள் பம்பின் வாஷர் கிழிந்தது. அதற்கு மாற்று 11 நாளில் வந்தது, அதற்குப் பணம் கேட்கவில்லை.

நிறக் குழாய்கள் எட்டு. இரண்டு பக்கமும் திறந்த பிளாஸ்டிக் குழாய்கள். தொடையில் தட்டினால் ச ரி க ம என்று வரிசையாகப் பேசுகின்றன. நீளம் கூடக்கூடச் சுருதி இறங்குகிறது, மேல் சட்ஜத்தின் குழாய் கீழ்ச் சட்ஜத்தில் ஏறக்குறையப் பாதி. தட்டும்போது ஒரு முனையை உள்ளங்கையால் மூடினால் குரல் ஒரு ஸ்தாயி கீழே போய்விடுகிறது. இதையும் ஒரு பிள்ளை விளையாட்டில்தான் கண்டது. சுழற்றினால் ஊளையிடும் நெளிகுழாய் ஒன்றும் இருக்கிறது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அதுபோதும், நாள் முழுக்க ஓடும். கயிற்றுத் தொலைபேசிக்குக் கொடுத்திருக்கும் பிளாஸ்டிக் கோப்பைகள் கனம் அதிகம், வேண்டாம். தீப்பெட்டியும் தையல் நூலும் நன்றாகவே பேசுகின்றன.

குழாய்கள் வந்த பிறகுதான் நான் பெட்டிக்கு வெளியே பார்க்கத் தொடங்கினேன். ஒரு அங்குல பிவிசி குழாய்த் துண்டை வாளித் தண்ணீரில் செங்குத்தாக அமிழ்த்தி, வாயருகே 256 கவையைத் தட்டிப் பிடித்தோம். குழாயை மெல்ல மெல்ல மேலே தூக்கினான் ஒருவன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, திடீரென்று குழாய் பாடியது. இன்னும் தூக்கினால் அடங்கியது. பாடிய இடத்தில் நிறுத்தி அளந்தால், நீருக்கு மேலே 33.5 சென்டிமீட்டர். குழாயின் வாய்க்குச் சற்று மேலேயும் காற்று அதிர்வதால், விட்டத்தில் பத்தில் மூன்று பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும்; கிட்டத்தட்ட 34.25. இது அலைநீளத்தில் கால் பங்கு. நான்கால் பெருக்கி, 256-ஆல் பெருக்கினால் வினாடிக்கு 350 மீட்டர் வருகிறது. பாடப்புத்தகத்தில் 20 டிகிரி வெப்பத்தில் 343 என்று படிப்பார்கள். எங்கள் வகுப்பறையில் அன்று 31 டிகிரி. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும் என்பதால் 350-தான் சரி. தண்ணீர் வாளியும் குழாய்த் துண்டும் கொண்டு ஒலியின் வேகத்தை அளந்த பிள்ளைகள் அன்று சத்துணவுக்கு மணி அடித்தும் எழுந்து போகவில்லை.

அந்த மணியும் ஒரு பாடம்தான். எங்கள் பள்ளி மணி, வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. அடித்துவிட்டு உள்ளங்கையால் தொட்டால் அதிர்வு கைக்கு ஏறுகிறது. அழுத்திப் பிடித்தால் ஒலி அணைந்துவிடுகிறது. ஆறு வருடமாக அந்த மணியைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள், கவையைத் தொட்ட பிறகுதான் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். இந்தப் பெட்டி செய்த பெரிய உபகாரம் என்று நான் நினைப்பது இதையே. கண்ணுக்கும் காதுக்கும் மட்டுமாக இருந்த பாடத்தைக் கைக்குக் கொண்டுவந்தது. கையில் அதிர்வு பட்ட பொருள்களெல்லாம் உழைத்தன. பார்த்துக்கொண்டு மட்டும் நிற்க வேண்டியவை, எல்.இ.டி. விளக்கு எரியும் 'ஒலிமானி' போன்றவை, பெட்டியின் அடியிலேயே கிடக்கின்றன.

கோலாட்டக் குச்சியளவு குழாயில் நாக்கு வெட்டி ஊதும் செயல்பாட்டுக்குப் பெட்டியில் காகித உறிஞ்சுகுழாய்கள் கொடுத்திருக்கிறார்கள். வாயில் வைத்த அரை நிமிடத்தில் ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடுகின்றன. முகம் சுளித்துக்கொண்டு துப்பிய ஒருவன், வெளியே ஓடிப்போய் வேலியோரப் பூவரசிலிருந்து நான்கு இலைகளைக் கிள்ளி வந்தான். நடுநரம்பைத் தள்ளிவிட்டு, இலையைக் கூம்பாகச் சுருட்டி, குறுகிய முனையைப் பல்லால் லேசாக நசுக்கி ஊதினான். பூவரசம் பீப்பி. பத்து நிமிடத்தில் வகுப்பில் 27 பீப்பிகள். முனையை நசுக்காவிட்டால் ஏன் ஊதாது என்று கேட்டேன். அந்த இடுக்கில் இலையின் இரண்டு உதடும் திறந்து மூடித் திறந்து மூடிக் காற்றை வெட்டுகின்றன என்பதை, ஈரமான முனையை விரல்நுனியால் தொட்டுக்கொண்டே ஊதிக் கண்டார்கள். நாகஸ்வரத்தில் வாய்வைத்து ஊதும் சீவாளியும் இதே வேலையைத்தான் செய்கிறது. எங்கள் பக்கத்து ஊர் நரசிங்கம்பேட்டை. அங்கே ஆச்சா மரத்தில் கடையும் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வாத்தியத்தின் அறிவியல் வேலியோரத்து இலையில் இருக்கிறது என்று சொன்னபோது, பீப்பியை யாரும் கீழே போடவில்லை.

ஒரு மாணவியின் தாத்தா தவில் வாசிப்பவர். பேத்தி வீட்டில் போய் என்ன சொன்னாளோ, ஒரு வெள்ளிக்கிழமை தவிலையும் ஒரு மிருதங்கத்தையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்துவிட்டார். பெட்டியில் இருந்த பிளாஸ்டிக் டம்ளரின் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, உப்பைத் தூவி, பக்கத்தில் வாய்வைத்து முனகினால் உப்பு துள்ளும் செயல்பாட்டைப் பிள்ளைகள் அவருக்குச் செய்துகாட்டினார்கள். பொறுமையாகப் பார்த்தார். "நல்லது அம்மா. ஆனால் இது சத்தம் போடும், சுருதி நிற்காது" என்றார். பிறகு மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், நடுவே கறுப்பு வட்டமாக இருக்கும் கரணையைத் தொட்டுக்காட்டி, விளிம்பில் ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு. நின்று ஒலித்தது.

வெறும் தோலை அடித்தால் எழும் பல அதிர்வெண்கள் ஒன்றுக்கொன்று இசைவான விகிதத்தில் அமைவதில்லை. நடுவில் கரணையின் கனம் ஏறியதும் அவை ஒன்று, இரண்டு, மூன்று என்ற வரிசைக்கு நெருங்கி வந்துவிடுகின்றன. அதனால்தான் மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்க முடிகிறது. இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன். 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934-இல் நம் நாட்டு முழவுகளைப் பற்றி விரிவாகவே எழுதினார், தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவி அதிர்வுக் கோலங்களையும் காட்டினார். ஒளிச்சிதறலுக்கு நோபல் பரிசு பெற்றவர் என்றே பிள்ளைகளுக்குத் தெரியும். அவரும் நாம் உப்பைத் தூவியதுபோல் மணலைத் தூவினார் என்று சொன்னதும், "அப்போது நாம் செய்தது சரிதான்" என்று டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். தவிலில் தொப்பி என்கிற பக்கத்தை அடிக்கும் குச்சி பூவரச மரம் என்று தாத்தா சொன்னதும் வகுப்பில் எழுந்த ஆரவாரத்துக்கு அவருக்குக் காரணம் புரியவில்லை. ஒரு பீப்பியை அவர் கையில் கொடுத்தார்கள். ஊதினார்.

கையேட்டில் எதிரொலி ஒரு பத்தியோடு முடிந்துவிடுகிறது, செயல்பாடு எதுவும் இல்லை. இது பெரிய விடுபாடு. ஊர் எல்லையில் நெல் கிடங்கின் நீண்ட சுவர் இருக்கிறது. அதிலிருந்து 52 மீட்டர் டேப்பால் அளந்து நின்றோம். ஒருவன் கை தட்ட, எதிரொலி வந்தது. பிறகு, அடுத்தடுத்த இரண்டு தட்டலுக்குச் சரியாக நடுவில் எதிரொலி விழும்படி தட்டப் பழகினோம். தாளம் தெரிந்த பேத்திதான் அதில் தேறினாள். தட்டல், எதிரொலி, தட்டல், எதிரொலி என்று ஒரே சீராக வந்ததும் 20 இடைவெளிகளுக்கு நேரம் எடுத்தோம்: 12 வினாடி. ஒலி சுவருக்குப் போய்த் திரும்புவது அரை இடைவெளியில் என்பதால், ஓர் இடைவெளிக்குள் ஒலி 52 மீட்டரை நான்கு முறை கடக்கும் நேரம் அடங்கியிருக்கிறது. கணக்குப் போட்டால் வினாடிக்கு 347 மீட்டர். வாளியில் 350, சுவரில் 347. இந்த மூன்று மீட்டர் எங்கே போனது என்று ஊர் திரும்பும் வழியெல்லாம் சண்டை. கை தளர்ந்துவிட்டதா, டேப் தொய்ந்துவிட்டதா, காலையில் குளிர்ச்சியா என்று அவர்கள் அடித்துக்கொண்டதைக் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

வாங்கலாமா என்று என்னைக் கேட்டால், முழுப் பெட்டியை வாங்காதீர்கள் என்பேன். சுருள்வில்லும் கவைகளும் நிறக் குழாய்களும் தனித்தனியாகவே கிடைக்கின்றன. மூன்றும் சேர்ந்து இந்தப் பெட்டியின் விலையில் பாதிக்குள் முடிந்துவிடும். கவை வாங்கினால் ஒரே அதிர்வெண்ணில் இரண்டு வாங்குங்கள். ஒன்றைத் தட்டினால் தொடாத மற்றது தானாக அதிரும் ஒத்ததிர்வைக் காட்ட அதுதான் வேண்டும், இந்தப் பெட்டியில் அதற்கு வழியில்லை. வாங்கிய அன்றே கைப்பேசியில் எண்ணைச் சரிபாருங்கள். வெற்றிடக் குடுவை வேண்டுமென்றால் வாஷரை உதிரியாக இரண்டு கேட்டு வாங்குங்கள்.

கையேட்டை நாங்கள் திருத்திவிட்டோம். 14 பக்கம், முழுவதும் எட்டாம் வகுப்பின் கையெழுத்து. இசைக்கவை, பஸ்ஸரைக் கட்டும் நூல், ரப்பர் செருப்பு, வாளி, கிடங்குச் சுவர், பூவரசம் இலை எல்லாம் அதில் இருக்கின்றன. நகலை விற்பவருக்கும் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் இந்தப் பெட்டியை வாங்க நேர்ந்தால் முதலில் ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். இன்னும் முள்கரண்டி என்றே இருந்தால், பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன் அதை அடித்துவிட்டு இசைக்கவை என்று எழுதிவிடுங்கள்.